விண்மீன் திரளை எடைபோட பிளஸ் ஒன் கணக்கு போதும்

நமக்கு அருகிலுள்ள பெரிய விண்மீன் திரளான ஆண்ட்ரோமீடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்று நம் மாணவர்கள் படிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள். ஆனால் விண்மீன் திரள்களைப் பற்றி அவர்கள் தாமாகக் கணக்கிட்டுக் கண்டறிவது அநேகமாக ஒன்றும் இல்லை. இது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. ஏனெனில், ஒரு திரளின் நிறையைக் காண்பதற்கு வேண்டிய கணிதம் முழுவதும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

சுருள் திரள் ஒன்றின் படத்தை அச்சிட்டுக் கொடுத்து, அடிஸ்கேலால் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வட்டமான தட்டு நமக்குச் சாய்ந்திருப்பதால்தான் நீள்வட்டமாகத் தெரிகிறது. எனவே அகலத்தை நீளத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்கோணத்தின் கொசைன். பத்தாம் வகுப்பில் கோபுரத்தின் உயரம் காணப் பயன்பட்ட அதே முக்கோணவியல் இங்கே ஒரு திரள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

அடுத்தது வேகம். ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலையில், ஹைட்ரஜன் உமிழும் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் விழும். திரளின் ஒரு விளிம்பிலிருந்து வரும் கோடு, மையத்திலிருந்து வருவதைவிட அரை நானோமீட்டர் கூடுதலான அலைநீளத்தில் விழுந்தால், அந்த விளிம்பு மையத்தை ஒப்பிட நொடிக்கு ஏறத்தாழ 229 கி.மீ. வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது என்பது எளிய விகிதக் கணக்கு: அலைநீளம் எந்த விகிதத்தில் கூடியதோ, ஒளியின் வேகத்தில் அதே விகிதம். அதைச் சாய்கோணத்தின் சைனால் வகுத்தால் உண்மையான சுழற்சி வேகம் கிடைத்துவிடும்.

வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், அந்த ஆரத்துக்குள் அடங்கிய நிறை தோராயமாகக் கிடைக்கும். நம் சூரியனையே எடுத்துக்கொள்ளலாம். நம் விண்மீன் திரளான பால்வழியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில், நொடிக்கு ஏறத்தாழ 220 கி.மீ. வேகத்தில் அது சுற்றிவருகிறது. இவற்றைச் சூத்திரத்தில் இட்டால், சூரியனின் பாதைக்குள் சுமார் 9,000 கோடி சூரியன்களின் நிறை இருப்பதாக விடை வருகிறது. ஒரு மாணவி தன் நோட்டில் தானே போட்டு எடுத்த இந்த எண்ணை எந்த வண்ணப்படத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

இந்த இடத்தில் ஆசிரியர் பொறுமை காக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் கோள்களின் வேகத்தை கிராஃப் தாளில் குறிக்கச் சொல்ல வேண்டும்: பூமிக்கு நொடிக்கு 30 கி.மீ., அதைவிட 30 மடங்கு தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு 5.4 கி.மீ. தொலைவு கூடக் கூட, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகம் குறைகிறது. பிறகு ஒரு சுருள் திரளின் அளவீடுகளைக் கொடுத்தால், அதன் வெளிப்பகுதியில் வேகத்தைக் காட்டும் வரைகோடு கீழே இறங்காமல் கிடையாகவே போவதை மாணவர்கள் தாமே பார்ப்பார்கள். அமெரிக்க வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சி அளவீடுகளை வெளியிட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் பல சுருள் திரள்களிலும் இதே புதிரைக் கண்டார்கள். இந்த வேகத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் நிறை போதவில்லையே என்ற கேள்வி வகுப்பிலிருந்து எழுவதற்கு முன்பே ‘கரும்பொருள்’ (ஒளி வீசாத, ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் பொருள்) என்று கரும்பலகையில் எழுதிவிட்டால், அது மனப்பாடம் செய்ய இன்னொரு சொல்லாகிவிடும்.

உண்மையான அளவீடுகளில் புள்ளிகள் சிதறித்தான் விழும், இரண்டு மாணவர்களின் விடை ஒன்றாக இராது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல், வேறுபாட்டுக்கான காரணத்தை எழுதவைத்து அதற்கு மதிப்பெண் தர வேண்டும். வானத்தைத் தொலைநோக்கியால் அளந்து பதிவுசெய்யும் ஸ்லோன் வான்வரைவுத் திட்டம் லட்சக்கணக்கான திரள்களின் நிறமாலைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறை நோட்டில், ஊசலுக்கும் சுருள்வில்லுக்கும் பக்கத்தில், ஒரு விண்மீன் திரளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று பாடத்திட்டம் வகுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.