பொன்னிறம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

கிரீம் சீஸ் போட்ட சாக்லேட் சிப் குக்கீஸுக்கு எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் கடைசியில் 'பொன்னிறமாக வரும்வரை பேக் செய்யவும்' என்று ஒரு வரி இருக்கிறது. சாதாரண குக்கீக்கு அது சரி. இதற்கு ஆகவே ஆகாது.

முதல் தடவை அந்த வரியை நம்பி ஓவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தேன். 10 நிமிஷம் ஆச்சு, வெளுத்துக் கிடந்தது. 13 நிமிஷம், அதே முகம். 17-வது நிமிஷம் லேசாகச் சிவந்ததும் ஏதோ சாதித்த மாதிரி வெளியே எடுத்தேன். ஆறின பிறகு கடித்தால் காய்ந்துபோன கேக்.

தப்பு ஓவன் மேல் இல்லை. கிரீம் சீஸ் புளிப்பு. மாவில் புளிப்பு ஏறினால் சிவப்பது தாமதமாகும். அந்தப் புளிப்பை முறித்து நிறம் வரவைப்பதும் பேக்கிங் சோடாவின் வேலைதான், ஆனால் இங்கே சோடாவில் ஒரு பங்கை கிரீம் சீஸே தின்றுவிடுகிறது. போதாததற்கு, வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. கிரீம் சீஸில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதனால் குக்கீ உருகிப் பரவாமல் உப்பி நிற்கும். வெந்துதான் இருக்கும், வெளியே சொல்லாது.

இன்னொன்று, வெண்ணெய் அளவை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஆசைக்குக் கிரீம் சீஸ் சேர்க்கிறார்கள். வேண்டாம். வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போட வேண்டும். எனக்குச் சரிவந்தது 115 கிராம் வெண்ணெய், 60 கிராம் கிரீம் சீஸ், 240 கிராம் மைதா, ஒரு முட்டை, 150 கிராம் பிரவுன் சுகர், 50 கிராம் வெள்ளைச் சர்க்கரை, சோடாவும் உப்பும் தலா அரை டீஸ்பூன், கை நிறைய சாக்லேட். (என் கை கொஞ்சம் பெரிசு.) சீஸ் குளிர் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகக் கட்டி நிற்கும், முட்டை விழுந்த பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. உருண்டை பிடித்து ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது.

சீஸ் கேக் ருசியை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இதன் லாபம் மெத்துதான், அதுவும் மூன்றாம் நாள் வரைக்கும். மொறுமொறுதான் அசல் என்று சண்டைக்கு வருபவர்கள் பக்கம் சரித்திரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1930-களில் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டு சாக்லேட் சிப் குக்கீயை முதலில் எழுதிவைத்தபோது பெயரிலேயே 'கிரஞ்ச்' இருந்தது. இருக்கட்டும். பல்லுக்கு வேலை வைக்காத குக்கீதான் எனக்குப் பிடிக்கும்.

180 டிகிரியில் 11 நிமிஷம். ஓரம் விரலுக்குக் கெட்டியாகப் பட்டு, மேல்பளபளப்பு போயிருந்தால் எடுத்துவிடுங்கள். நடுவில் வேகாத மாதிரி தெரியும். ட்ரேயின் சூட்டிலேயே 10 நிமிஷத்தில் அது இறுகிவிடும், அதுவரை தொடாதீர்கள்.

மூன்றாம் நாள் மெத்து என்று சொன்னேனே, அதைச் சோதித்துப் பார்க்க 4 குக்கீயை டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டி வைக்க வேண்டியிருந்தது.