தெரியாதவனிடம்தான் சொல்ல முடிந்தது

தகப்பனைப் பறிகொடுத்த பத்து வயதுப் பெடியனின் தலையைத் தடவி, "இனி நீதானப்பு இந்த வீட்டுக்கு ஆம்பிளை" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பெடியன் அன்றைக்குத்தான் தலை முழுகி, ஈர வேட்டியோடு, துளை போட்ட குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி வந்திருக்கிறான். குடம் இறங்கிய தோளில் ஒரு குடும்பத்தை ஏற்றி வைக்கிறீர்கள்.

இந்தப் பெப்ரவரியில் என் அக்காவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டு அக்காவும் மகனும் வெள்ளவத்தைக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். மலர்ச்சாலை, கனத்தை மயானம், எட்டுச் செலவு, அந்தியேட்டி, கீரிமலை என்று எல்லாம் முறைப்படி நடந்தது. பெடியன் ஐயர் சொன்னதையெல்லாம் செய்தான். அழவில்லை. "கெட்டிக்காரன், தாங்கிக்கொண்டான்" என்றார்கள் சிலர். "கல் மனசு, தாயைப் பார்த்துக்கூட அழுறானில்லை" என்றார்கள் வேறு சிலர். இரண்டு கட்சியும் எங்கள் வீட்டுச் சாய்மனையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தன.

பிள்ளைகளின் துக்கம் பெரியவர்களுடையதைப்போல விடாமல் ஓடுவதில்லை. வரும், போகும். காலையில் அப்பாவின் செருப்பைப் பார்த்துவிட்டு உறைந்துபோய் நின்ற பிள்ளை, பின்னேரம் மட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடும். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு, விளையாடுவது மறந்துபோனதன் அடையாளம் இல்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்லிக் களைத்துவிட்டேன்.

எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில்தான் அந்தச் சிநேகிதம் பிடித்தது. மூன்றாம் மாடிச் சிங்களப் பெடியன், இவனைவிட ஒரு வயது மூப்பு. ரெனிஸ் பந்து, பிளாஸ்ரிக் கதிரை விக்கெட், யாருடைய காரில் பட்டாலும் அவுட். இவனிடம் இருந்தது பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களம். அவனிடம் இருந்தது அதைவிடக் குறைந்த தமிழ். மிச்சத்துக்கு ஆங்கிலமும் கையும் காலும்.

அப்புறம் ஒரு பின்னேரம் உலரப் போட்ட துணி எடுக்கப் போனபோது அவர்கள் கதைத்தது காதில் விழுந்தது. மூன்றாம் மாடிப் பெடியன் எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் கேட்கிறான்: "உன்ர அப்பாவை எரிச்சதா, தாட்டதா?" எனக்குப் பகீரென்றது. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காமல் எவ்வளவு கவனமாக இருந்தோம்! ஆனால் எங்கள் பெடியன் சொல்லத் தொடங்கினான். குடத்தில் ஏன் துளை போடுகிறார்கள், தண்ணீர் எப்படி முதுகில் வழிந்தது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரோ கத்தியது, கனத்தையில் விறகு இல்லாமல் கதவு மூடிய உலை இருந்தது, அந்தக் கதவு மூடும்போது தனக்குக் கையெல்லாம் நடுங்கியது. எங்களில் ஒருவருக்கும் அவன் சொல்லாதது. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்ததைச் சொன்னபோது மற்றவன், "அப்ப மீன் சாப்பிட்டிருக்குமா?" என்று கேட்டான். இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாவுக்கு மீன் விருப்பம். மீனுக்கு அப்பாவை விருப்பமோ தெரியாது" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகுதான் அழுதான்.

நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். எங்கள் சனத்துக்கு எல்லாம் தெரியும். கொள்ளி என்றால் என்ன, துடக்கு எத்தனை நாள், எட்டுக்கு என்ன படைப்பது என்று ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. தெரிந்த விசயத்தை யார் கேட்பார்கள்? ஆகவே ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சிங்களப் பெடியனுக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் கேட்டான். அவனுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான் எங்கள் பெடியன் தனக்கு என்ன நடந்தது என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். அதுவும் சொல் போதாத ஒரு மொழியில், ஒவ்வொன்றாகத் தேடித் தேடி. தமிழில் என்றால், பெரியவர்களிடம் கேட்டுப் பாடமான வசனங்களையே ஒப்புவித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

பதிலுக்கு மூன்றாம் மாடிப் பெடியனும் தன் பாட்டியின் செத்த வீட்டைச் சொல்லியிருக்கிறான். தெருவெல்லாம் வெள்ளைக் கொடி, பிக்குமாருக்கு வெள்ளைத் துணி தானம், பிறகு குடும்பம் முழுக்கக் கைபிடித்து ஒரு கிண்ணத்துக்குள் தண்ணீர் வார்ப்பது, அது நிரம்பி வழியும்வரை பிக்குமார் ஓதுவது. "சித்தி, அவையளும் தண்ணிதான் ஊத்தினம்" என்று இவன் வந்து சொன்னான், ஏதோ தான் கண்டுபிடித்ததுபோல.

ஏப்ரலில் புத்தாண்டு வந்தது. இந்த வருடம் எங்களுக்கு இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து அந்தத் தாய் ஒரு தட்டில் கொக்கிஸ், கவும் என்கிற எண்ணெய்ப் பலகாரங்களும் கிரிபத் என்கிற பாற்சோறும் கொண்டுவந்தார். "உங்கட வீட்டில அடுப்பில எண்ணெய் வைக்க மாட்டீங்கதானே, எங்களிலயும் அப்பிடித்தான்" என்றார். வாங்கியது என் அம்மா. அம்மா யார் என்றால், 83 ஆடிக் கலவரத்தில் இதே வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கியவர். பேரன் கீழே விளையாடப் போனால் இன்றைக்கும் ஜன்னலை விட்டு நகர மாட்டார். அந்தப் பயத்தை நான் விமர்சிக்கப் போவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கதலிப்பழச் சீப்பு வைத்துக் கொடுத்தனுப்பியதும் அவர்தான். ஆனால் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஜன்னலில் இன்னும் நிற்கிறார்.

பிரச்சினை வெசாக்கில், பௌத்தர்களின் வெளிச்சப் பண்டிகையில், கிளம்பியது. இரண்டு பெடியன்களும் மூங்கில் ஈர்க்குக் கட்டி, மெல்லிய நிறத்தாள் ஒட்டி, அட்டபட்டம் என்கிற எட்டுப்பட்டை வெசாக் கூடு செய்தார்கள். பசை வீடெல்லாம். பிறகு அந்தக் குடும்பத்தோடு இவன் பேரை வாவிப் பக்கம் வெளிச்சம் பார்க்கப் போனான், வழியில் தன்சலில், அதாவது இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற பந்தலில், கடலை வாங்கித் தின்றான். படம் ஒன்று உறவுக்காரரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. சரி, தொடங்கியது. "ஆட்டைத்திவசம் முடியேல்லை, அதுக்குள்ள வெளிச்சக்கூடோ?" "தகப்பன் செத்த பிள்ளைக்குத் தன்சல் கேட்குதோ?" "புலமைப்பரிசில் பரீட்சை வருது, பிள்ளையைப் படிக்க விடுங்கோ." கடைசியாகச் சொன்னவர் இழவு வீட்டிலேயே அவனிடம் மாதிரி வினாத்தாள் எத்தனை செய்தாய் என்று கேட்ட ஆள்.

என் பதில் நீளமானதில்லை. பொங்கலும் தீபாவளியும் கோயில் கொடியேற்றமும் வேண்டாம் என்பது நாங்கள் எங்களுக்கு வைத்த ஒழுங்கு. அக்கா அதைக் காக்கிறாள், அது அவளுக்கு ஒரு பிடிமானம். பெடியனுக்கு அதே ஒழுங்கு ஒரு வருடம் முழுக்க வெறும் சுவராகத்தான் இருக்கப் போகிறது. அடுத்த வீட்டுப் பண்டிகையில் கொஞ்சம் காற்று வாங்கினால் அவன் அப்பாவுக்கு ஒரு குறையும் வராது. அக்காவிடம் கேட்டோம், அவள் போகட்டும் என்றாள். குழுவில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. அதே படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் உண்மையான நல்லிணக்கம்" என்று இதயம் போட்டவர்கள். ஐயா, அது நல்லிணக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடந்த கொடுமைகளுக்கு நீதி சொல்ல வேண்டியவர்கள் அரசாங்கத்தில் இருக்கிறார்கள், தரிப்பிடத்தில் கிறிக்கெட் அடிக்கும் இரண்டு பிள்ளைகள் இல்லை. நேற்றும் எல்பிடபிள்யூ என்று சண்டை பிடித்துக்கொண்டு கதைக்காமல்தான் படியேறி வந்தார்கள்.

எனக்கு உண்மையில் எரிச்சல் வேறொன்றில். இந்தச் சிநேகிதம் தற்செயல். நாங்கள் வேறு தொடர்மாடியில் இருந்திருந்தால் நடந்திருக்காது, ஏனென்றால் பாடசாலையில் நடக்க வழியில்லை. கொழும்பில் ஒரே மதிலுக்குள் தமிழ்மொழி வகுப்பும் சிங்களமொழி வகுப்பும் நடக்கிற பெரிய பாடசாலைகள் இருக்கின்றன. ஒரே சீருடை, ஒரே மணி, ஒரே சிற்றுண்டிச்சாலை. ஆனால் அங்கேயும் ஒரு பிள்ளை பதினொரு வருடம் படித்துவிட்டு, மற்றப் பிரிவில் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவன்கூட இல்லாமல் வெளியே வரலாம். தாய்மொழியில் படிப்பது எங்கள் உரிமை, அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் சித்திரத்துக்கும் உடற்கல்விக்கும் எதற்கு இரண்டு வகுப்பு? மூங்கில் ஈர்க்கு வளைக்க எந்த மொழிமூலம் வேண்டும்? அதிபர்மார் யாராவது இதை வாசித்தால் ஒரு தவணைக்காவது அந்த இரண்டு பாடத்தையும் சேர்த்து நடத்திப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மாதக்கணக்கில் சாப்பிடாமல், நித்திரை இல்லாமல், ஒருவரோடும் சேராமல் இருந்தால் சிநேகிதனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

எங்கள் பெடியனுக்கு அது தேவைப்படவில்லை, இதுவரைக்கும். வாட்ஸ்அப் குழுவில் இருந்து நான் விலகிவிட்டேன். காரணம் கேட்டு இனி யாரும் அக்காவுக்கு அழைக்க வேண்டாம், எனக்கே எடுங்கள்.