கடன் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடுமா?

‘நாட்டின் கடன் ஜிடிபியில் (ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்பில்) 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும், அமெரிக்கப் பேராசிரியர்களே நிரூபித்தது’ என்று கடலூர் முதுநகர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு.

அந்தப் பேராசிரியர்கள் ரெயின்ஹார்ட், ரோகாஃப் இருவரின் 2010 கட்டுரையில் அத்தகைய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று இருந்தது உண்மைதான், ஆனால் 2013ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அவர்களுடைய எக்செல் தாளையே வாங்கித் திறந்து பார்த்தால், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் சராசரிக் கணக்கிலேயே சேரவில்லை! அதைவிடப் பெரிய கோளாறு, நியூசிலாந்தின் ஒரே ஒரு மோசமான வருஷத்துக்கும் பிரிட்டனின் 19 வருஷத்துக்கும் ஒரே எடை போட்டது. திருத்திப் போட்டால் 2.2 சதவீதம். கடன் 60 முதல் 90க்குள் இருந்தால் 3.2.

வேகம் குறைகிறது, சரி, நிற்கவில்லை. அப்புறம், வளர்ச்சி படுத்தாலே கடன் விகிதம் தானாக ஏறும், அதை இந்தச் செய்தி எழுதியவர் யோசிக்கவே இல்லை.