அலகாபாத்துக்கு முன்னாடியே பல்லாவரம்

கமலாபுரம் ஏர்போர்ட் படத்துக்குக் கீழே, "இந்தியாவில் முதலில் விமானம் பறந்தது 1911-ல் அலகாபாத்தில், தெற்கே டாட்டா வந்த பிறகுதான்" என்று போட்டிருக்கீங்க அண்ணா. அது சரியில்லைங்க.

1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 6,500 கடிதங்களோடு அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். அது முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல். பெரிய விஷயம்தான், ஆனா முதல் பறத்தல் அது இல்லை.

அதற்கு முந்தைய வருஷமே, 1910 மார்ச்சில், பல்லாவரத்தில் ஒரு விமானம் மேலே போயிருக்கு. ஓட்டியவர் ஜியாகோமோ தாஞ்சலிஸ். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர், தொழில் இனிப்பும் கேக்கும்! இறக்குமதி இல்லை, அவரே வரைந்து, குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய சிம்ப்சன் கம்பெனிப் பட்டறையில் செய்யச் சொன்ன இரட்டை இறக்கை விமானம். சின்ன இன்ஜின்தான். நம்ம சேலம்–எழும்பூர் ரயில் தாம்பரம் தாண்டினதும் வருதே, அதே பல்லாவரம். அங்கே யாருக்கும் இவர் பேர் தெரியாது என்பது வேற கதை.

டாட்டாவின் கராச்சி–பம்பாய் தபால் விமானம் 1932 அக்டோபரில். அதே தபால் மெட்ராஸ் வரைக்கும் வந்தது உண்மை, ஆனா தாஞ்சலிஸுக்கு 22 வருஷம் பிந்தி.

பதிவைத் திருத்திடுங்க, ஏற்கெனவே ரெண்டு குரூப்பில் ஃபார்வர்டு ஆகுது.