சிவப்பு வட்டம் போட்ட பற்றரி

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்றிரவு அந்தப் படம் எட்டாவது தடவையாக வட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியது என் சொந்த மச்சான். இனியும் எழுதாவிட்டால் நித்திரை வராது.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். மாணவர் கண்காட்சியில் எங்கட பெடியன் ஒருவன் மேசைக்குப் பின்னால் நிற்கிறான். மேசையில் ஒரு பற்றரி பக், அதாவது பல சின்னச் செல்களை ஒன்றாகக் கட்டிய பெட்டி. பின்னால் தொங்குகிற சுவரொட்டியில் முதுகில் வானொலி கட்டிய ஒரு சிப்பாய். சிப்பாயைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பெடியனின் முகத்தைச் சுற்றி இன்னொன்று. கீழே எழுதியிருந்ததை நான் இங்கே திரும்ப எழுத மாட்டேன், துரோகி என்பதுதான் அதன் சுருக்கம். அவனுடைய அம்மாவும் முகநூலில் இருக்கிறார்.

பெடியன் செய்த குற்றம் இதுதான்: படையினர் கொண்டு திரிகிற வானொலிகளுக்கான பற்றரியை இன்னும் மலிவாக, இன்னும் கனநாள் உழைக்கிற மாதிரிச் செய்யலாமா என்று பார்த்திருக்கிறான். துப்பாக்கி செய்யவில்லை. குண்டு செய்யவில்லை. பற்றரி செய்தான்.

நான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பதினெட்டு வருடமாகப் பற்றரி பக் கட்டுகிறவன். அந்தச் சனிக்கிழமை கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்கவில்லை, கேட்டால் கோபம் வரும். நான் அவனுடைய பக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மூடியைக் கோந்து போட்டு ஒட்டாமல் நாலு திருகாணி போட்டிருந்தான். என்னைப் போல நாள் முழுக்க ஒட்டிய பெட்டிகளைக் கத்தியால் நெம்பி விரலை வெட்டிக்கொள்கிறவனுக்கு அந்த நாலு திருகாணி என்ன பெறுமதி என்று உங்களுக்கு விளங்காது. பக்கத்தில் அஞ்சு குட்டி லைட். எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டும்.

அதில் என்ன பெரிய கெட்டித்தனம் என்று ஒருவர் கொமென்ட் போட்டிருந்தார். சொல்கிறேன். அமெரிக்கப் படை முதுகு வானொலிகளுக்குக் கனகாலம் பாவித்தது பிஏ 5590 என்கிற பற்றரி. லித்தியமும் சல்பர் டையொக்சைட்டும் சேர்ந்தது, ஏறக்குறைய ஒரு கிலோ நிறை, ஒரு தடவை பாவித்தால் எறிய வேண்டியதுதான். 2003 இல் ஈராக் சண்டையில் இந்தப் பற்றரி தீர்ந்து போகிற நிலைமை வந்து, உற்பத்தி ஈடுகொடுக்க முடியாமல் திண்டாடினார்கள். 2005 இல் அவர்களுடைய கணக்காய்வு அலுவலகமே அதைப் பற்றி அறிக்கை எழுதியது. இதில் ஒரு பகுதி வீண்செலவு. பாதி தீர்ந்த பற்றரியை நம்பி இரவு ரோந்துக்கு யார் போவான்? புதுசைப் போட்டுக்கொண்டு பழையதை எறிந்துவிடுவான். அந்த அஞ்சு லைட்டுக்குக் காரணம் அதுதான். பெடியன் அதை மேசையில் நின்று வடிவாக விளங்கப்படுத்தினான், கேட்கத்தான் ஆள் இல்லை.

2008 இல் அதே அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஒரு போட்டி வைத்தது. 4 கிலோவுக்குள், உடுப்பில் கொழுவிக்கொண்டு, சராசரி 20 வாட் மின்சாரத்தை 96 மணித்தியாலம் தர வேண்டும். முதல் பரிசு 10 லட்சம் டொலர். அதை வென்றது மெதனோலில் ஓடுகிற ஒரு எரிபொருள் கலம், எரிபொருளில் இருந்து நேரே மின்சாரம் எடுக்கிற கருவி. வெறும் பற்றரியால் அவ்வளவு குறைந்த நிறையில் அதைச் செய்வது அவ்வளவு கஷ்டம். அந்தக் கஷ்டத்தில்தான் இந்தப் பெடியன் கை வைத்திருக்கிறான். பாராட்ட வேண்டாம், சரி. துரோகி என்றாவது சொல்லாமல் இருக்கலாமே.

இப்போது என் தொழில் விஷயம் ஒன்று. திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணக்கூடிய அமெரிக்கப் படையின் பக்குக்குப் பிபி 2590 என்று பெயர். உள்ளே 24 செல். 18650 செல்தான். 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். உங்களுடைய பழைய மடிகணினிப் பற்றரியை உடைத்தால் அதே அளவு உருளைதான் ஆறு விழும். கையில் வைத்துப் பாருங்கள், எது சிப்பாயுடையது எது கணக்காளருடையது என்று அளவை வைத்து உங்களால் சொல்ல முடியாது. பற்றரி பற்றரிதான். இதைத்தான் மூன்று நாளாக ஒவ்வொரு கொமென்டுக்கும் கீழே எழுதி எழுதிக் கை நொந்து போனது.

எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று என் மனிசியும் கேட்டாள். அதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணம். 1990 இல் சண்டை மறுபடி தொடங்கியதும் வடக்குக்குக் கொண்டு போகக்கூடாத சாமான்கள் என்று அரசாங்கத்தின் பட்டியல் வந்தது எங்கள் வயது ஆட்களுக்கு மறக்காது. பெற்றோல், சீமெந்து, உரம், அப்புறம் ரோச்சுக்குப் போடுகிற பற்றரி. பற்றரி இருந்தால் வோக்கி ரோக்கி வேலை செய்யும், கண்ணிவெடி வெடிக்கும், ஆகவே பற்றரி ஒரு போர்ப்பொருள். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவில் இருந்து இரண்டு வயர் வானொலிப் பெட்டிக்குப் போகும். பிபிசி தமிழோசை கேட்க முற்றத்தில் அயலட்டை முழுக்க இருக்கும். என் கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரிப் போகும். "சுத்தடா" என்பார் அப்பா. கூடச் சுற்றினால் ஒரே இரைச்சல். செய்தியில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, தோள் நோ மட்டும் ஞாபகம்.

செத்த பற்றரியைக் கிணற்றுக்கட்டில் வெயிலில் வைப்போம். ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டுப் பார்ப்போம். மூன்றாம் தரமும் உயிர் வராவிட்டால் உடைத்து, நடுவில் இருக்கிற கரிக்குச்சியை எடுத்து மதிலில் எழுதுவோம். அது எங்களுக்கு விளையாட்டு. அம்மம்மாவுக்கு விளையாட்டாக இருக்கவில்லை. ஒரு மழை இரவில் கக்கூசுக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ரோச் கையில்தான் இருந்தது. உள்ளே பற்றரி இல்லை. அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை.

அன்றைக்குப் பற்றரியை ஆயுதம் என்று பட்டியல் போட்டவர்கள் வேறு ஆட்கள். இன்றைக்குச் சிவப்பு வட்டம் போடுகிறவர்கள் நாங்கள். எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது இதுதான்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். "அப்படி நல்ல மனசு என்றால் ஆஸ்பத்திரிக்குப் பற்றரி செய்யலாமே" என்று ஒருவர் கேட்டார். நூற்றுப்பத்து லைக். ஐயா, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெப்பநாடுகளுக்குப் போன படையினரின் வானொலிப் பற்றரிகள் வெக்கையிலும் ஈரத்திலும் பழுதாகிப் போயின. அதற்காக சாமுவேல் ரூபன் என்பவர் பாதரசப் பற்றரியைச் செய்தார். சண்டை முடிந்த பிறகு அது எங்கே போனது? காது கேளாதவர்களின் கருவிக்கு, கமராவுக்கு, கைக்கடிகாரத்துக்கு. அதைத் தயாரித்த கம்பனிதான் பிறகு டியூரசெல் ஆனது. விழுந்தாலும் நனைந்தாலும் வெயிலில் கிடந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்று காசு கொடுத்துக் கேட்கிறவன் அநேகமாகப் படைக்காரன்தான். அப்படிச் செய்ததை நாளைக்கு மன்னாரில் கடலுக்குப் போகிறவனும் தன்னுடைய வானொலிக்குப் போடுவான்.

"லெபனானில் பேஜர் வெடித்ததை மறந்துவிட்டீர்களா?" மறக்கவில்லை. 2024 செப்டெம்பர் 17. பற்றரிக்குள் வெடிமருந்தை ஒளித்து வைத்தார்கள். அது பற்றரியின் குற்றம் என்றால் மாம்பழத்துக்குள் ஊசி வைத்தவனுக்காக மாமரத்தைத் தறிக்க வேண்டும். அடுத்தது.

"சீனாக்காரன் மலிவாகச் செய்கிறானே, எங்களுக்கு எதற்கு?" இதைக் கேட்டவர் 2022 இல் எங்கே இருந்தாரோ தெரியாது. டொலர் இல்லை, செல் வரவில்லை. மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். அந்தக் கிழமை என் கடை வாசலில் வெள்ளவத்தையில் இருந்து வந்து நின்றவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ரவுட்டருக்குப் பற்றரி வேண்டும், மின்விசிறிக்குப் பற்றரி வேண்டும். ஒருவர் பிள்ளைக்கு ஆஸ்துமா என்று நெபுலைசரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கழித்துப் போட்ட மடிகணினிப் பற்றரிகளில் இருந்து நல்ல செல்லாகப் பொறுக்கி இரவோடு இரவாகக் கட்டிக் கொடுத்தேன். அதே ஆள் முந்தநாள் அந்தப் படத்தைப் பகிர்ந்து "வெட்கக்கேடு" என்று எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் இதை வாசிப்பார்.

இன்னும் கேளுங்கள். 2019 டிசம்பரில் ஸ்டொக்ஹோமில், லித்தியம் அயன் பற்றரிக்காகப் பரிசு வென்ற ஜோன் குடினஃபின் நோபல் உரையை அவருக்காக மேடையில் வாசித்தவர் ஆறுமுகம் மந்திரம், தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர். அன்றைக்கு எல்லாரும் "தமிழன்டா" என்று போட்டோ போட்டீர்கள், நானும் போட்டேன். அந்த லித்தியம் அயன் பற்றரி உலகத்தில் எந்தப் படையின் வானொலியில் இல்லை? குடினஃபே இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படைக்கு வானிலை பார்த்தவர், பிறகு வான் பாதுகாப்புக்கென்று தொடங்கிய லிங்கன் ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காக வேலை செய்தவர். அப்போது ஒருவரும் சிவப்புப் பேனா எடுக்கவில்லை. ஸ்டொக்ஹோம் தூரம். இந்தப் பெடியன் பக்கத்துத் தெரு. பக்கத்துத் தெருக்காரனுக்குக் கல் எறிவது லேசு.

ஒரே ஒரு கேள்விதான் எனக்குக் குத்தியது. ஒரு அக்கா உள்பெட்டியில் எழுதினார். "தம்பி, என்ர அண்ணா திரும்பி வரேல்ல. அந்த வானொலியில என்ன கதைச்சாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. அதுக்குப் பற்றரி செய்யிறவனப் பாத்து எனக்குக் கை தட்ட ஏலாது." இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. கை தட்டச் சொல்லவும் இல்லை. நானே ஒரு தடவை மறுத்திருக்கிறேன். 2010 என்று நினைக்கிறேன், கட்டைத் தலைமயிர் வெட்டிய ஒருவர் கைவானொலிப் பக் இரண்டு கொண்டு வந்தார். செல் இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன். அலுமாரியில் பெட்டி நிறையச் செல் இருந்தது. அவர் அதைப் பார்த்தும் இருப்பார். அன்று முழுக்க வேலை ஓடவில்லை, செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அது என் கடை, என் கை, என் முடிவு. பக்கத்துக் கடைக்காரன் செய்து கொடுத்தபோது அவனுடைய படத்தை எடுத்து நான் ஊருக்கு அனுப்பவில்லை.

சீனாக்காரன் மலிவு என்றவருக்கு இன்னொன்று. உலகத்திலேயே தரமான கிரபைட், பென்சிலுக்குள் இருக்கிற கரி, எங்கள் தீவில் கிடக்கிறது. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளில் கட்டியாக எடுக்கிறார்கள். லித்தியம் பற்றரியின் ஒரு முனையே கிரபைட்தான். கல்லாக ஏற்றி அனுப்பிவிட்டுப் பற்றரியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதைப் பற்றி ஒரு பதிவு போட்டேன், பதினொரு லைக். அதில் ஒன்று மச்சானுடையது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

"உனக்கு எவ்வளவு தந்தார்கள்" என்று கேட்டவர்களுக்கு: கண்காட்சியில் ஒரு பிளேன்டீ தந்தார்கள். சீனி கூடிப்போயிருந்தது.

பெடியன் தன் முகநூல் கணக்கை மூடிவிட்டான். அவனுடைய அம்மா நேற்றுப் பின்னேரம் கடைக்கு வந்தார். கதைக்கவில்லை, ஸ்பொட் வெல்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதாலயோ அண்ணை ஒட்டுறது?" என்று கேட்டார். ஓம் என்று இரண்டு செல்லை வைத்து ஒட்டிக் காட்டினேன். பொறி பறந்ததும் ஒரு அடி பின்னால் போனார், பிறகு சிரித்தார்.

தம்பி, யாராவது உனக்கு இதைக் காட்டினால், கடை ஒன்பதுக்குத் திறக்கும், ஞாயிறு பூட்டு. 24 செல் அளந்து எடுத்து வைத்திருக்கிறேன், எல்லாம் ஒரே கொள்ளளவு. நிக்கல் பட்டி மட்டும் நீ கொண்டு வா, என்னிடம் முடிந்துவிட்டது.