முதல் முயற்சிக்கே வீடியோ இருக்கட்டும்

உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு (மேல்வாய்ப் பிளவு) அறுவை சிகிச்சைக்கு வரும் கைக்குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவன் நான். மயக்கத்தில் மூச்சு கொடுக்க மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டும். எங்கள் துறையில் பலர், குரல்வளையைக் கேமரா மூலம் திரையில் காட்டும் வீடியோ லாரிஞ்சோஸ்கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, சாதாரண பிளேடால் நாக்கை விலக்கி நேரடியாகப் பார்த்து இரண்டு தடவை முயல்கிறார்கள். டியூப் போகவில்லை என்றால்தான் அதை எடுக்கிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன்.

கைக்குழந்தையின் வாய்க்கு நாக்கு பெரியது, குரல்வளையும் மேலே தள்ளி இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவாகும். நுரையீரலிலோ கையிருப்பு குறைவு. அதனால் ஒவ்வொரு கூடுதல் முயற்சியும் குழந்தையின் ஆக்சிஜனிலிருந்துதான் கழிகிறது.

பயிற்சிக் காலத்தில் இருபக்க உதட்டுப்பிளவுள்ள ஒரு குழந்தை. நான் வைத்த மில்லர் எனும் நேரான பிளேடு இடது பிளவுக்குள்ளேயே போய் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற சீனியர் "என்ன தெரியுது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவரால் பார்க்கவும் முடியவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மானிட்டரின் பீப் சத்தம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்து, துணியைச் சுருட்டிப் பிளவை அடைத்துவிட்டு, அவரே டியூப் போட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ஒரு திரை இருந்திருந்தால் நான் எங்கே தடுமாறுகிறேன் என்று அவர் பார்த்தவுடன் சொல்லியிருப்பார். கழுத்தை வெளியிலிருந்து அழுத்திக்கொடுத்த நர்ஸுக்கும் தன் விரல் எதை நகர்த்துகிறது என்று தெரிந்திருக்கும்.

2020இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முதல் முயற்சியிலேயே டியூப் போனது வீடியோவில் 93 சதவீதம், நேரடிப் பார்வையில் 88. சிரமம் இருக்காது என்று கணிக்கப்பட்ட குழந்தைகள்தான் அவர்கள். அவர்களிடமே நூற்றுக்கு ஐந்து வித்தியாசம் என்றால் பிளவுள்ள குழந்தைக்கு நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் பயன்பட்டது வழக்கமான வடிவ வீடியோ பிளேடு. அதிகம் வளைந்த பிளேடில் குரல்நாண்கள் திரையில் அழகாகத் தெரியும். டியூப்தான் உள்ளே திரும்பாது, மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டி நிற்கும். டியூப்புக்குள் வளைக்கக்கூடிய கம்பியைச் செருகலாம். ஆனால் பிளவு சிகிச்சையில் நாம் போடும் ரே டியூப் ஏற்கெனவே வளைந்தது, கம்பியோடு அது சண்டை போடும். திரையையே பார்த்துக்கொண்டு தள்ளினால் தைக்க வேண்டிய அண்ணத்திலேயே காயம் ஏற்படலாம். டியூப் நுனி நாக்கைத் தாண்டும்வரை கண் வாய்க்குள்தான் இருக்க வேண்டும். எச்சில் பட்டாலும் ஆவி படிந்தாலும் கேமரா குருடு, உறிஞ்சு குழாய் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்.

பியர் ராபின் குழந்தைகள் வேறு கதை. தாடை சிறுத்து நாக்கு பின்னால் விழும் அவர்களுக்கு, குரல்வளைக்கு மேல் உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க் வழியாக, வளையும் மெல்லிய ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பைச் செலுத்தும் ஏற்பாடும் தயாராக இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

எல்லாவற்றுக்கும் வீடியோ என்றால் இளையவர்களுக்கு நேரடித் திறமை போய்விடுமே என்கிறார்கள். நியாயமான கவலை. வழக்கமான வடிவ பிளேடில் இரண்டும் முடியும். நான் அவர்களை வாய்க்குள் நேராகப் பார்த்தே டியூப் போடச் சொல்கிறேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறேன். பீப் சத்தம் தாழ்வதற்குள் "கொஞ்சம் வலப்பக்கம்" என்று சொல்ல முடிகிறது.