நம்பர் ஊருக்கா, வண்டிக்கா, ஆளுக்கா?

இலங்கையில் மாகாண எழுத்து இல்லாத இலக்கத் தகடுகள் வந்ததிலிருந்து, "இனி எந்த ஊர் வண்டி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று நிறையப் பேர் அங்கலாய்க்கிறார்கள். என்னைக் கேட்டால், மலையகத்தில் அந்த எழுத்து ஒருநாளும் ஊரைச் சொன்னதில்லை. ஹட்டன், நுவரெலியா, கண்டி எல்லாம் சீபி, அதாவது மத்திய மாகாணம். வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை யூபி, ஊவா மாகாணம். பலாங்கொடைப் பக்கத் தோட்டங்கள் எஸ்ஜி, சப்ரகமுவ மாகாணம். தேயிலை ஒன்று, மாகாணம் மூன்று. ஹக்கலையைத் தாண்டிக் கெப்பட்டிப்பொலப் பக்கம் இறங்கினாலே ஊவா. அங்கே இருக்கிற ஒருவருக்கு நுவரெலியா ஓட்டோவை விற்றால் போதும், பழைய தகடு இரண்டையும் ஒப்படைத்து, காசு கட்டி, யூபி போட்ட புதுத் தகடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்பர் அதேதான். மாறியது ஓரத்தில் இருந்த இரண்டு எழுத்து.

தகட்டில் உண்மையாகப் பயன்படுவது அதற்கு அடுத்த எழுத்துகள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த ஆங்கில எழுத்து வரிசையில், எல் (L) லொறிக்கு, என் (N) பஸ்ஸுக்கு, பி (P) வானுக்கு. கார்கள் கே வரிசையைக் கடந்து மூன்றெழுத்துக்குப் போனபோது சீ-யில் (C) தொடங்கின. மூன்றெழுத்தில் ஓட்டோவுக்கு ஏ (A), மோட்டார் சைக்கிளுக்கு பீ (B). ஒரு ஓட்டோவில் சீ-யில் தொடங்கும் நம்பர் தொங்கினால் அது வேறு வண்டியின் தகடு. இதைக் கவனிக்கத் தெரிந்தால் போதும், மாகாணம் தேவையில்லை.

அதற்கு முன்னால் இருந்தவை இலக்கம் மட்டும் போட்ட 'டாஷ்' நம்பர்கள், அதற்கும் முன்னால் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து, அதற்கும் முன்னால் ஈஎல், சீஎன் போன்ற ஆங்கில எழுத்துகள். சந்தையில் இன்றும் "ஸ்ரீ நம்பர்", "300 நம்பர்" என்று சொல்லித்தான் பழைய காருக்கு விலை பேசுகிறார்கள். அந்த ஸ்ரீயை எதிர்த்து 1958இல் வடக்கில் தகடுகளில் தார் பூசிய போராட்டம் மலையகத்துக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். தகட்டில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் வெறும் நிர்வாகப் பிரச்சினை அல்ல என்பதை இளைய தலைமுறை தெரிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டு முறைகளைப் பார்க்கும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: நம்பர் யார் பின்னால் போகிறது?

இந்தியாவில் ஊர் பின்னால். கோத்தகிரியிலும் குன்னூரிலும் சொந்தக்காரர்கள் இருக்கிற குடும்பங்களுக்கு டிஎன் 43 தெரிந்திருக்கும், அது ஊட்டி போக்குவரத்து அலுவலகத்தின் நம்பர். அந்த வண்டியைக் கேரளாவுக்கு நிரந்தரமாகக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், ஊட்டியில் தடையில்லாச் சான்றிதழ் வாங்கி, அங்கே வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். காரணம் எழுத்தல்ல, வரி. வீதி வரி மாநில அரசின் வருமானம். இந்த அலைச்சல் தாங்காமல்தான், அடிக்கடி மாற்றலாகிற உத்தியோகத்தர்களுக்காக 2021இல் எந்த மாநிலத்திலும் செல்லும் பிஎச் வரிசை கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் ஆண்டுதோறும் எடுக்கிற வாகன வருமான அனுமதிப்பத்திரக் காசு மாகாண சபைக்குத்தான் போகிறது. ஆனால் அதைப் பதிவேட்டிலும் கணினியிலும் பிரித்துக்கொள்ளலாம், அதற்காகத் தகட்டை மாற்றத் தேவையில்லை. ஜெர்மனியில்கூட 2015இலிருந்து வேறு ஊருக்குக் குடிபோனாலும் பழைய ஊர் எழுத்தையே வைத்துக்கொள்ளலாம்.

சுவிஸில் ஆள் பின்னால். காரை விற்கும்போது உரிமையாளர் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொள்வார், அடுத்த காருக்கு அதையே மாட்டுவார். இரண்டு வண்டிக்கு ஒரே தகட்டை மாற்றி மாற்றிப் போடவும் அனுமதி உண்டு. தகடு இல்லாத வண்டி வீதியில் நிற்கக் கூடாது. வாங்கினவர் தன் தகடு இல்லாமல் ஓட்டவே முடியாது என்பதால், பழைய ஆளின் பெயரில் வண்டி ஓடுகிற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் நம் தகட்டு வரிசை வண்டியின் வகையைச் சொல்கிறது, பதிவேடும் வண்டியை வைத்தே இருக்கிறது. இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சிங்கப்பூரிடமிருந்து ஒன்றை மட்டும் எடுக்கலாம். அங்கே நம்பரின் கடைசி எழுத்து, முன்னால் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் கணக்குப் போட்டு வருவது. தண்டப் பத்திரத்தில் 3ஐ 8 என்று எழுதினால் கணக்கு இடிக்கும், பிழை உடனே பிடிபடும்.

முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்ற நம் வழக்கம் பிரிட்டனிலும் உண்டு. மூடுபனி நேரத்தில் நானுஓயாப் பக்கம் ஓரமாக நிற்கும் வண்டியின் எந்தப் பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று வெளிச்சம் பட்டதுமே தெரிந்துவிடும். ஆனால் கொழுந்து லொறிகளின் பின் தகட்டைப் பாருங்கள், பாதிக்கு மேல் சேறு. இரும்புத் திருகு போட்டால் மலை ஈரத்தில் துரு வழிந்து இலக்கத்தின் மேலேயே கோடு விழும். துருப்பிடிக்காத திருகும் பிளாஸ்டிக் வொஷரும் போடுங்கள், இலக்கத்துக்கு நடுவில் துளைக்காதீர்கள். ஜப்பான் கார்களின் பம்பரில் இருக்கிற இடம் 330 × 165 மில்லிமீட்டர் தகட்டுக்கானது. நம் நீளத் தகட்டை அதில் வளைத்து மாட்டினால் தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் வளைந்த இடத்திலேயே வெடிக்கும். பின்னால் ஒரு தட்டையான சட்டம் வைத்து மாட்டுவதுதான் சரி. மேலே கண்ணாடி பிளாஸ்டிக் உறை போடுவது வீண்வேலை, ஈரம் உள்ளே இறங்கி வெண்மை பூக்கும். தகடு தொலைந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு, அந்தப் பிரதியோடுதான் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்.

இனி உண்மையான வியாதிக்கு வருவோம். நம் நம்பர் வண்டி பின்னால் போகிறது, ஆனால் பெயர் போவதில்லை. 'ஓப்பன் பேப்பரில்', அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும், கைமாறிய ஓட்டோ நாலாவது ஆளிடம் இருக்கும், பதிவுப் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர் இருக்கும். விபத்து நடந்தால், கெமராவில் சிக்கினால், கஞ்சா ஏற்றிப் பிடிபட்டால், பொலிஸ் தேடி வருவது முதல் ஆளின் லயத்து வீட்டுக்கு. மாகாண எழுத்தை மாற்றுகிற செலவும் அலைச்சலும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு சாக்காக இருந்தது. அந்தச் சாக்கு இப்போது இல்லை.

இன்னொரு இடத்தில் காரியம் கெடும். லீசிங் கட்டி முடித்தும் சீஆரில் (பதிவுச் சான்றிதழில்) நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக அப்படியே கிடக்கும். அதை நீக்கும் கடிதம் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. வாங்குகிறவர் காசு கொடுப்பதற்கு முன் சீஆரில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், எஞ்சின் நம்பரையும் சேஸி நம்பரையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். விற்கிறவர் பெயர் மாற்றப் படிவத்தில் வாங்குபவரின் விவரமும் கையெழுத்தும் இல்லாமல் சாவியைக் கொடுக்கவே கூடாது. அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும், நிரப்பிய படிவங்களின் பிரதியையும் எடுத்து வைத்துக்கொண்டு, விற்றுவிட்டதைத் திணைக்களத்துக்குத் தாமதிக்காமல் அறிவித்துவிட வேண்டும். ஒப்படைத்த திகதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள், அன்று சாயங்காலமே விபத்து நடந்தால் வழக்கு அந்த நேரத்தில்தான் தொங்கும்.